பதினேழாம் பீப்பாயின் முழுப்பெயர்

எனக்குச் சுருக்கமாகப் பேச வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. இந்த வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்கிற அம்மையார் அவசரப்பட வேண்டாம். நிறுத்தக்குறிகளையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போவது என் பழக்கம். விருந்துகளில் என்னருகே உட்கார்ந்தவர்கள் சாப்பாட்டை விரைவாக முடித்துக்கொள்வார்கள்.

அக்ரிலிக் தகடு செய்யும் ஆலையொன்றின் ஆய்வகத்தில் பெயர்ச்சீட்டு அலுவலராக இருந்தேன். எந்தக் குப்பியில், எந்தப் பீப்பாயில் என்ன பெயர் ஒட்டியிருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. இதற்கு ஓர் ஆளா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. மேலாளரும் ஆண்டுக்கொரு முறை அப்படி நினைப்பார்.

வேதிப்பொருள்களுக்கு இரண்டு வகைப் பெயர்கள் உண்டு. மக்கள் மணத்தையும் பிறந்த இடத்தையும் பார்த்து வைத்தது ஒன்று. எறும்பைக் காய்ச்சி வடித்ததால் ஓர் அமிலத்துக்கு எறும்பின் பெயரே நிலைத்துவிட்டது. மற்றது விதிப்படி அமைவது: கரிமச் சங்கிலியின் நீளத்தை எண்ணி, கிளைகளுக்கு எண் கொடுத்து, அகரவரிசையில் கோத்து, இறுதியில் குடும்பத்தின் விகுதியைச் சேர்ப்பது. எறும்பு அமிலம் அங்கே மெத்தனோயிக் அமிலம். ‘முறைப்பெயரைக் கேட்டால் மூலக்கூறை வரையலாம்; வழக்குப்பெயரைக் கேட்டால் வதந்தியைத்தான் வரையலாம்.’ இந்த வாக்கியம் வேதிப்பெயர்களைப் பற்றி நான் எழுதிய நூலின் முன்னுரையில் உள்ளது. அதை எழுதி முடித்தவுடன் எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

அந்த நூலை ஒன்பது ஆண்டுகள் எழுதினேன். அதனால் திருமணம் தள்ளிப்போயிற்று என்று வெளியே சொல்லிக்கொள்வேன். எந்தப் பெண்ணும் அந்தத் தாமதத்தைக் குறித்து வருந்தியதாகத் தகவல் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு பிரதி என் தங்கை வீட்டில் இருந்தது, சாப்பாட்டு மேசையின் குட்டைக் காலுக்கு அடியில்.

தங்கையின் கணவர் எங்கள் ஆய்வகத்தின் கிடங்குப் பொறுப்பாளர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன். அவர் என்னை மச்சான் என்பார், நான் காதுகேட்கும் தொலைவில் இருக்கும்வரை. மற்ற நேரங்களில் நான் ‘இடைக்கோடு’. ஆளும் ஒல்லி, எந்த இரண்டு பேருக்கு நடுவிலும் போய்ப் படுத்துக்கொள்கிறவன் என்று விளக்கமும் கொடுத்திருந்தார். ஆய்ந்து பார்த்தால் பொருத்தமான பெயர்தான். நல்ல வழக்குப்பெயர்களின் ஆபத்தே அதுதான்.

அவருடைய கிடங்கில் ஒரு பழக்கம் இருந்தது. அச்சிட்ட சீட்டின் கீழே துணி நாடா ஒன்றை ஒட்டி, அதில் தம் கையால் ஒரு பெயர் எழுதிவைப்பார். தொட்டால் சுட்டெரிக்கும் கந்தக அமிலத்துக்கு ‘மாமியார்’. விரலை மஞ்சளாக்கும் நைட்ரிக் அமிலத்துக்கு ‘காமாலை’. மேசை துடைக்கும் எரிசாராயத்துக்குத் ‘துடைப்பம்’. ஆட்கள் இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிப்பார்கள். கேட்ட பெயரை மறக்கவும் மாட்டார்கள்.

பதினேழாம் எண் பீப்பாயின் நாடாவில் ‘சயனோ’ என்று எழுதியிருந்தது. கூடவே இரண்டு கோடுகள்: தொட்டால் ஓடு, ஓடிப்போய்க் குளி.

அதன் முறைப்பெயர் 2-ஹைட்ராக்சி-2-மெத்தில்புரோப்பேன்நைட்ரைல். பழைய வணிகப் பெயர் அசிட்டோன் சயனோஹைட்ரின். தோல்வழியே உடம்புக்குள் போனால் சிதைந்து சயனைடாகும். பழைய பெயருக்குள் அந்த எச்சரிக்கை தானாகவே உட்கார்ந்திருக்கிறது, முறைப்பெயருக்குள் இல்லை. இந்த வேறுபாட்டை நூலின் இருநூற்று அறுபதாம் பக்கத்தில் அடிக்குறிப்பாகத் தந்திருக்கிறேன். எனவே தெரியாது என்று வாதிட எனக்கு வழியில்லை. என் அடிக்குறிப்புகளை நானாவது படித்திருக்கிறேன்.

நாடாக்களை நீக்க வேண்டும் என்று நான் ஆறு கடிதம் எழுதினேன். ஏழாவது கடிதத்தின் நீளத்துக்குப் பயந்து மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். ஒரு மாதம் நாடா இல்லாமல், முறைப்பெயர் மட்டும். பீப்பாய்களையும் அந்த அகரவரிசைப்படி அடுக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு குழப்பம் பதிவானாலும் பழைய பெயர்களையே பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டிவிடுவேன், அதன்பிறகு இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்றார். மாப்பிள்ளை எதிர்த்தார். ஆட்கள் எழுத்தைப் பார்த்து எடுப்பதில்லை, இடத்தைப் பார்த்து எடுக்கிறார்கள், இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் யாருக்காவது கை தவறும் என்றார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாடாக்களை நானே சுரண்டி எடுத்தேன், கரண்டியும் வெந்நீரும் கொண்டு. பதினேழாம் பீப்பாயைக் கடைசித் தட்டின் வலது ஓரத்துக்கு நகர்த்தினேன். ஹகரம் வரிசையின் கடைசியில் வருவது என் குற்றமில்லை. அதுவரை அந்த ஓரத்தில் இருந்தது ‘துடைப்பம்’.

மண்டை ஓட்டுப் படம் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. பாதிப் பீப்பாய்களில் அது இருந்தது. எல்லோரையும் பார்த்துப் பல் இளிக்கிறவனை யாரும் கவனிப்பதில்லை.

இருபத்தைந்து நாள் ஒரு பிசகும் நிகழவில்லை. தங்கை வீட்டில் சாப்பிடப் போனபோது இதை நான் இரண்டு முறை நினைவூட்டினேன்.

“இன்னும் அஞ்சு நாள் மச்சான். அப்புறம் உங்க புத்தகத்த மேசைக்கு மேல வச்சிடுறேன்,” என்றார் மாப்பிள்ளை.

தங்கை சிரித்தாள். சின்ன வயதில் என் பக்கம் நின்று சிரித்தவள். இதை நான் நோக்கம் என்று முன்வைக்கவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

இருபத்தாறாம் நாள், காலை பதினொரு மணி. என் அறைக்கும் கிடங்குக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சன்னல்தான். மாப்பிள்ளை மூன்று ஆட்களோடு பேசிக்கொண்டே வந்து, திரும்பிப் பார்க்காமல் வலது ஓரத்துப் பீப்பாயைச் சரித்து ஒரு குவளையில் ஊற்றினார். கை வழுக்கியது. இடது தொடை முழுக்க நனைந்தது. நிறமில்லாத திரவம், பாதாம் வாசனை மெல்ல வரும் என்பார்கள், ஆனால் பதினான்கு ஆண்டுக் கிடங்கு வேலை அவர் மூக்கை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. துடைப்பம்தானே என்று கால்சட்டையை உதறிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

நான் எழுந்து கிடங்கின் வாசல்வரை போனேன். அவசரக் குளியல் குழாய் அவருக்கு எட்டடிப் பின்னால் இருந்தது. ஒரு சொல் போதும். அந்தச் சொல் என் வாயில், பல்லுக்குப் பின்னால் இருந்தது. ஆனால் அதைச் சொன்ன நொடியில் குழப்பம் பதிவாகிவிடும். அதைவிடப் பெரிய இடைஞ்சல், உயிரைக் காத்த பெயர் அவர் வைத்த பெயர் என்பது மூன்று சாட்சிகளுக்கு முன்னால் நிரூபணமாகிவிடும்.

“மாப்பிள்ளை, சீட்டைப் பாருங்க,” என்றேன்.

“உங்க சீட்டப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பேன்ட்டே காஞ்சிடும் மச்சான்.”

உடனிருந்த மூவரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்பதை மறுக்க மாட்டேன். நானும் புன்னகைத்தேன், திரும்பிப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எச்சரித்தாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. எழுத்தறிவுள்ள மனிதரிடம் படிக்கச் சொன்னேன். இதைவிட ஒருவரை எப்படி மதிப்பது?

பத்து நிமிடம் கழித்துத் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார். பிறகு மூச்சு வாங்கினார். பிறகு கீழே சாய்ந்தார். வண்டியில் அவருடன் நான்தான் போனேன், உறவினன் என்ற முறையிலும், பெயர் தெரிந்தவன் என்ற முறையிலும்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரண்டு வேலைநேரத்தை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர் போலத் தெரிந்தார். என்ன பட்டது என்று கேட்டார். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். இடைக்கோடுகள் உட்பட, எண்கள் உட்பட, நிதானமாகச் சொன்னேன். ஓர் எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டார். ஒன்பது ஆண்டில் அந்தப் பெயரை அவ்வளவு ஆர்வமாக என்னிடம் கேட்டு எழுதிக்கொண்ட முதல் மனிதர் அவர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

“நைட்ரைல்னா, நாங்க போடுற கையுறையில இருக்கே, அதுவா சார்?”

“அதுலயும் அந்தத் தொகுதி உண்டு டாக்டர்.”

இது உண்மை. எந்தப் பாடநூலிலும் சரிபார்த்துக்கொள்ளலாம். மருத்துவர் சற்று நிம்மதியடைந்தது தெரிந்தது. பிராணவாயு வைத்தார், ஊசி போட்டார், கணினியில் அந்தப் பெயரைத் தேடச் சொல்லி ஒரு செவிலியரை அனுப்பினார். செவிலியரைப் பாதியில் வேறொரு நோயாளிக்காக இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாற்றுமருந்துப் பெட்டி எதிர்ச்சுவரில், சிவப்பு மூடியோடு, என் கண்ணுக்கு நேரே இருந்தது. அதன்மேல் ‘சயனைடு’ என்று எழுதியிருந்ததை நான் வாசித்தேன். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது தங்கை வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தவள் என்னைத் தாண்டி நேராக மருத்துவரிடம் போனாள்.

“பதினேழாம் பீப்பாய்ன்னு ஆலையில சொன்னாங்க டாக்டர். அத இவர் வீட்டுல சயனோன்னுதான் சொல்வார்.”

மருத்துவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு ஓடினார். பெட்டியைத் திறக்க இருபது நொடிகூட ஆகவில்லை. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் இதயம் நின்றது. அரைமணி நேரம் முந்தியிருந்தால் வீட்டுக்கு நடந்தே போயிருப்பார் என்று மருத்துவர் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் கணிப்பில் எனக்கு மாறுபாடில்லை.

நடைக்கூடத்து விசுப்பலகையில் தங்கை என் அருகே வந்து உட்கார்ந்தாள். பிறகு என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, அழாமல், மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணா, அந்தப் பேரு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்மா. ஆனா அது சரியான பேரு இல்லையே.”

அவள் கை சட்டையிலிருந்து நழுவியது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. காவல் நிலையத்துக்கு என்னைப் பற்றி எழுதிய கடிதமும் மிகச் சுருக்கமானது என்று கேள்வி.

மாப்பிள்ளைக்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, ஐயா. அவர்மேல் ஒரு துளியும் நான் ஊற்றவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் முழு உண்மையை, முழு நீளத்தில், பிழையில்லாமல் சொன்னேன். இரண்டு இடங்களில் ஒரு சொல் குறைவாகச் சொன்னேன், வேண்டுமென்றே, விளைவு தெரிந்தே. சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார், நான் தோற்றிருப்பேன். இதை நீங்கள் கொலை என்று எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்கிறார்கள்.