கஞ்சித்துறை பாக் செங்

இந்தத் துறைக்குப் பேரே வைக்காத காலமுங்க அது. மலாயாவுல, கரும்புக் காட்டுக்கும் கடலுக்கும் நடுவுல இங்க ஒரே ஒரு ஓலைக் கொட்டகை. அதுல தியோ பாக் செங்னு ஒருத்தரு இருந்தாராம். சீனவரு. சீனவருலயும் தியோச்சியூ ஆளு. தெற்குச் சீனத்துக் கடலோரத்துச் சனம் அது. மண்ணு பத்தாம கப்பலேறி, சயாம், சிங்கப்பூரு, இந்த மலாயான்னு கண்ட கரையில எல்லாம் எறங்குன சனம்.

பாக் செங் ஊருல பொண்டாட்டியையும் மூணு வயசு மக சோக் லாங்கையும் விட்டுட்டு வந்தவரு. பொண்டாட்டி செத்துட்டான்னு சேதி வந்துச்சு. பிள்ளைய அதோட பெரியம்மா கூட்டிட்டுப் போயிட்டான்னு வந்துச்சு. எந்த ஊருக்குன்னு வரல.

படகுல வர்றவங்கள அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாராம். "நீ யாரு?" அதுக்கு "காக்கி நாங்"னு பதில் வரணும். அவங்க பேச்சுல நம்ம ஆளுன்னு அர்த்தம். நம்ம காதுக்கு நாங்கன்னே கேக்குதுல்ல? அந்தப் பதில் வந்துச்சா, சுடச்சுடக் கஞ்சி, கருவாடு, தோட்டத்துல வேலை. வரலையா, "உங்க ஆளுங்க அந்தப் பக்கம், போ, போ."

கல்லு மனசுன்னு வையாதீங்க. அவரு வந்து எறங்குனப்போ மூணு நாளு பட்டினியா இந்த மணல்ல கெடந்தாராம். வந்தவன் போனவன் எல்லாம் தாண்டிப் போனான், ஒரு வாய் தண்ணி கொடுக்கல. கடைசியில ஒரு காக்கி நாங்தான் தூக்கி உக்கார வச்சானாம். அன்னிக்கே முடிவு பண்ணிட்டாரு, என் சனம் வேற, மத்த சனம் வேறன்னு.

பதினஞ்சு வருசம் போச்சு. ஒருநா மத்தியானம் படகுலேருந்து ஒரு பொண்ணு எறங்குனாளாம். இடுப்புல பிள்ளையத் தூக்குற மாதிரி ஒரு சாம்பல் பூசணி. பாக் செங்குக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளுச்சாம். ஏன்னா பூசணியோட கப்பலேறுறது அவங்க ஊரு வழக்கம். கப்பல் கவுந்தா கட்டிப் பிடிச்சு மிதக்கலாம்ல!

"நீ யாரு?"னு கேட்டாரு.

அவ முழிச்சா. அப்புறம் கேட்டா, "சோங் முக் சின்?"

ஹக்கா பேச்சு. சீனவருலயே வேற சனம் அது, வேற பேச்சு. அடச்சீ, வேத்து ஆளுன்னு மனசு இறுகிப் போச்சாம். "அப்படி யாரும் இங்க இல்ல."

"சோங் முக் சின்! சோங் முக் சின்!"

"இல்லங்கிறேன்ல! உங்க ஆளுங்க அந்தப் பக்கம், போ, போ."

அவ கஞ்சிப் பானையப் பாத்தாளாம். இவரு அகப்பையத் தொடல. பூசணிய அணைச்சுக்கிட்டு மறுபடி அதே படகுல ஏறிட்டா.

ரெண்டு மாசம் கழிச்சு சீனத்துல இருந்த அவரு அண்ணன்கிட்டேருந்து கடுதாசி. படிக்கத் தெரிஞ்சவன் படிச்சானாம். "தம்பி, உன் மகள அனுப்பியிருக்கோம். பெரியம்மா மலைமேல ஹக்கா வீட்டுல வாக்கப்பட்டவ, பிள்ளையும் அங்கேயே வளந்துச்சு. நம்ம பேச்சு மறந்துபோச்சு. உன் பேர எழுதிக் காட்டினா சோங் முக் சின்னுதான் படிக்கிறா. எழுத்து ஒண்ணுதான், சத்தந்தான் வேற. பூசணி ஒண்ணு கொடுத்து விட்டிருக்கோம்."

அய்யோ, அந்த மனுசன்! "என்னையே என்கிட்ட கேட்டாளே, நான் இல்லன்னுட்டேனே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாராம். கண்ணு கண்டுபிடிச்சத காது கெடுத்துருச்சு. ஈயச் சுரங்கம், துறைமுகம், தோட்டம்னு மூணு வருசம் தேடினாரு. கெடைக்கல. கடைசி வரைக்கும் கெடைக்கலங்க.

திரும்பி வந்து பானைய வச்சாரு. அதுக்கப்புறம் யாருன்னு யாரையும் கேக்கல. சாப்டியான்னு மட்டும் கேட்டாரு. ஹக்கா, ஹொக்கியன், மலாய், எல்லாத்துலயும் அத மட்டும் கத்துக்கிட்டாரு. நம்ம தமிழாளுங்க தோட்டத்துக்கு வந்தப்போ செங்கமலம்னு ஒரு அம்மாகிட்ட, "உங்க பேச்சுல மகள இத எப்படிக் கேப்பீங்க?"ன்னாராம். அந்தம்மா சொல்லிக் கொடுத்துச்சு, "சாப்டியாம்மா."

அவருக்கு ஆம்பள, பொம்பள வித்தியாசம் தெரியல. தெரிஞ்சாலும் மாத்தியிருப்பாரான்னு சந்தேகந்தான். எறங்குன ஒவ்வொருத்தரையும் சாகுற வரைக்கும் அப்படியேதான் கேட்டாராம்.

அதான் இது கஞ்சித்துறை. அதான் இங்க மீசைக்காரன் வந்தாலும் "சாப்டியாம்மா?"ன்னு கேக்குறாங்க. சிரிக்காதீங்க. அது உங்களக் கேக்குறது இல்ல. இன்னும் இல்லம்மான்னு சொல்லிட்டு, உக்காந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க. அன்னிக்கு அந்தப் பிள்ளைக்கு ஊத்தாத கஞ்சி அது.