பதினோராவது துள்ளல்

"புத்தகத்துல வலது கால்னுதானேக்கா போட்டிருக்கு?"

"போட்டிருக்கும்டா. எதிர்ல உக்காந்து எழுதுனவருக்கு என் இடது கால் அவரு வலது பக்கம்தானே தெரியும்? கண்ணாடி பார்த்த கதைதான்."

"இருபது வருஷமா பள்ளிக்கூடமெல்லாம் அதைப் பார்த்துத்தானே ஆடுது. பாவம்க்கா அந்த மனுஷன்."

"அவரைப் பாவம் பார்த்தா ஆட்டம் பாவமாப் போயிடும். நாளைக்கு மேடையில ஆடிக் காட்டிட்டு மைக்குல சொல்லிடுறேன்."

ஒத்திகை அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இது என் காதில் விழுந்தது. பேசியது ஆட்டக்காரியும் அவள் தம்பி மேளக்காரனும். நான் அந்த ஆட்டத்தை எழுதி வைத்தவன். பதினெட்டுத் துள்ளலுக்கும் கட்டம் போட்டு, பாதம் வரைந்து, முழங்கால் தேயத் தரையில் உட்கார்ந்து எழுதினேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

உள்ளே போய் அவளிடம் நேராகவே கேட்டேன். "ஏம்மா, தப்புன்னா எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"ஆறு தடவை சொன்னேண்ணே. ஆறு தடவையும் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டீங்க."

"அச்சுல வந்தது மாறாதும்மா."

"அச்சுக்குக் கால் இல்லேண்ணே. எனக்கு இருக்கு."

அந்தப் பேச்சை வீடு வரை சுமந்து போனேன்.

மறுநாள் காலை மேடையில் குந்தி உட்கார்ந்து, படம் பிடிக்கும் கேமராவுக்காக, அவள் நிற்க வேண்டிய இடங்களில் சாக்பீஸால் குறி போட்டேன். எப்போதும் நான்தான் போடுவேன், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பையில் மரச்சாமானுக்குப் பூசும் மெழுகு இருந்தது. பதினோராவது துள்ளலில் மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் இறங்கும். புத்தகப்படி வலப்பக்கம், வலது கால். அவள் சொல்படி இடப்பக்கம், இடது கால். ஒரே ஒரு இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, பொறுமையாகத் தேய்த்தேன்.

அந்தத் துள்ளலில் அவள் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இனிமேல் ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைக் வரை அவள் வரவேயில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது நான்தான். அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மெழுகு பூசியதும் நான்தான். மறைக்கவில்லை. ஆனால் இடப்பக்கம் மட்டும்தான் பூசினேன். என் புத்தகத்தில் உள்ளபடி ஆடியிருந்தால் அவளுக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

படிக்கிறவர்களே நியாயம் சொல்லுங்கள். தப்பான இடத்தில் கால் வைத்தது நானா, அவளா? ஒரு வரியாவது பதில் எழுதுங்கள்.