நீலம் பாரித்த வயிறு

— முந்தானைய இழுத்து மூடாத, செல்வி. நான் பாத்துட்டேன். வயித்துல இன்னா அது, நீலம் நீலமா?

— சமையக்கட்டு மேடையில இடிச்சிக்கினேன் மாமா.

— தொப்புளுக்கு இந்தாண்டயும் இருக்கு, அந்தாண்டயும் இருக்கு. மேடை சுத்திச் சுத்தி வந்து இடிச்சுதா?

— கொழம்பு ஆறிப்போவுது, சாப்புடு.

— பொண்டாட்டி வயிறு கன்னிக் கெடக்கு, புருஷன் கேக்கக் கூடாதா? எவனோ வெரல வெச்சி அழுத்துனாப்புல இருக்கு.

— சீ!

— தேங்காய்த்திட்டு தொறமொகத்துல நான் மீன்புடி போட்டுல ஏறுனா திரும்பி வர நாளாவுது. அந்த நாளாப் பாத்து நீ கோரிமேட்டு பஸ் ஏறுறியாமே. நம்ம தெரு அம்மாவாசை பாத்துருக்கான்.

— அங்க இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். ரத்தக்கொழா வீங்கி, என் எடது கையில நாடியே கெடைக்கலன்னு உனுக்குத் தெரியாதா?

— தெரியும். ரத்தத்துல ஏதோ ஒண்ணு நம்ம ஒடம்பையே எதிரியா நெனச்சி, ரத்தத்தக் கட்டி கட்டியா உறைய வெக்குதுன்னு டாக்டரம்மா எனக்கும்தான் சொன்னாங்க. கட்டி மூளைக்குப் போனா ஆளே போயிடும், மாத்திரைய நீயா நிறுத்தவே கூடாதுன்னாங்க. அப்பறம் ஏன் அட்டை பிரிக்காம கெடக்கு?

— எந்த அட்டை?

— அலமாரியில, துணிக்கு அடியில. சாவப் பாக்குறியா? இல்ல, வேற எவனாவது மருந்து தர்றானா?

— வாய அளந்து பேசு மாமா. மாத்திரைய நிறுத்துனதே டாக்டரம்மாதான். அதுக்குப் பதிலா ஊசி. வயித்துச் சதையப் புடிச்சி நானே குத்திக்கறேன். குத்துன எடம் இப்படித்தான் கன்னுமாம்.

— நல்லா கேட்டுக்கினு இருந்த மாத்திரைய எதுக்கு மாத்துனாங்க?

— மாத்துனாங்க, அவ்ளோதான்.

— மறைக்கிற. மொகத்துலயே தெரியுது. நாளைக்கு நானே வந்து கேக்குறேன்.

— வா. ஆனா அங்க வந்து கத்தாத.

— நான் ஏன் கத்தப்போறேன்?

— ரெண்டு வாட்டி கலைஞ்சப்ப நீதான சொன்ன, இனிமே கொழந்தையே வேணாம், நீ உசுரோட இருந்தா போதும்னு. எனக்கு வேணும்னு சொன்னதுக்கு அன்னிக்கு நீ சோறே துன்னல.

— அத ஏன் இப்ப எடுக்குற?

— அந்த ரெண்டும் போனது இந்த ரத்தம் உறையறதாலதானாம். இப்பத்தான் கண்டுபுடிச்சாங்க. ஊசி போட்டா தங்கும், எனக்கும் ஆபத்து கொறையும்னாங்க. அந்த மாத்திரைதான் உள்ள இருக்கறதுக்கு ஆவாதாம்.

— உள்ள... செல்வி, உள்ள இன்னா?

— நாலாம் மாசம் மாமா. நேத்து ஸ்கேன்ல கைய ஆட்டுச்சு.