மடிப்பு அக்காவின் இரும்புக் கை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனுடைய மச்சானுக்கு நடந்தது.

இரவு பதினொரு மணி. தொழிற்பேட்டைச் சாலையில் ஈ காக்கை இல்லை... மச்சானின் கார் மட்டும். காகிதம் மடிக்கும் இயந்திரக் கைகளை வடிவமைக்கிற இன்ஜினீயர் அவர். விடிந்தால், பணம் போடுகிறவர்கள் முன்னால் அந்தக் கைகள் மெல்லிய தாளில் ஒரு பூ மடித்துக் காட்ட வேண்டும். ஒத்திகையில் தாள் கிழிந்துகொண்டே இருந்தது. நாளையும் கிழிந்தால் வேலை காலி.

கைகளுக்குப் பழக்கிக் கொடுத்தது ஒரு பெண். காகிதப் பூ செய்து பிழைத்தவள். மடிப்பு அக்கா என்பார்கள். கம்பி வைத்த கையுறையை அவளுக்கு மாட்டி, விரல் அசைவையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவு செய்தார். காலையில் மாட்டினால் ராத்திரிதான் கழற்றுவார்.

"விரலெல்லாம் கொப்புளம் சார். நாளைக்கு மடிக்கட்டுமா?"

"இன்னும் ஒரே ஒரு தடவை அக்கா."

கொப்புளம் உடைந்தது. சீழ் பிடித்தது. விஷம் ஏறி அக்கா போய்ச் சேர்ந்தாள். மனிதர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நல்லவேளை, பதிவு முடிந்த பிறகு செத்தாளே என்றுதான் நினைத்தார். கல்நெஞ்சக்காரர்.

அன்று ராத்திரி அந்தக் கைகள் இருந்த அறைக்குள் மச்சான் நுழைந்ததும் சீழ் வாடை... எலி செத்திருக்கும் என்று சுவிட்சைப் போட்டார். கைகள் மடிக்கத் தொடங்கின. சர்ர்... சர்ர்... நகத்தால் நீவுகிற சத்தம். இரும்பு விரலுக்கு ஏது நகம்?

அக்கா எந்த மடிப்பையும் முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை மடிப்பாள். அப்போதுதான் தாள் முரண்டு பிடிக்காது. நேரம் வீண் என்று அந்தப் பின்மடிப்பைப் பதிவிலிருந்து வெட்டி எறிந்திருந்தார் மச்சான்.

அன்றைக்குக் கைகள் பின்பக்கமும் மடித்தன.

தாள் கிழியவில்லை. அழகான பூ. அவர் பூரித்துப்போய்க் கையை நீட்டினார்... இரும்பு விரல்கள் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்தன. மெதுவாக. தாளைப் பிடிக்கிற அதே பக்குவம். முன்பக்கம் மடித்தன. நீவின. பிறகு... பின்பக்கம்.

அலறிக்கொண்டே மறு கையால் ப்ளக்கைப் பிடுங்கினார். கைகள் நிற்கவில்லை. அடுத்த விரல். அதற்கடுத்தது. போதும், போதும் என்று குழந்தை மாதிரி அழுதார். யார் கேட்கிறார்கள்?

காவல்காரர் ஓடிவந்து இழுத்துத்தான் விடுவித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எலும்பு எங்கயும் முறியலைங்க," என்றார். "மடிஞ்சிருக்கு."

மறுநாள் கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டும் மடிந்திருந்தது. நேற்று நண்பன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்... முழங்கை வரைக்கும் வந்துவிட்டதாம்.