கேட்காமல் நகர்ந்த நாலடி

மாண்பு நிறைந்த தலைவர் அவர்களே! மண்ணை அளந்து மலையை எடைபோடும் அறிஞர்களே! முழங்கால் வலியோடு முன்வரிசைக்கு வந்த மூத்தோரே! மடியில் பிள்ளையைத் தட்டியபடி என்னையும் கேட்கும் தாய்மார்களே! துணைக்கு ஆளில்லாமல் ஓரத்து நாற்காலியைத் தேடி உட்கார்ந்தவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்!

துடைப்பம் பிடித்த கையில் ஒலிவாங்கியைக் கொடுத்திருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், சுருக்கமாகப் பேசுவேன். யாரங்கே சிரிப்பது? சிரித்த முகத்தை நான் மறப்பதில்லை, ஐயா!

மேட்டு நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டு காவலிருந்தேன். ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு தட்டு. வெளியே ஒரு கல்தூண். அதன் தலையில் வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் ஒரு கருவி. வானத்துச் செயற்கைக்கோளோடு பேசி, நம் நிலம் எங்கே நிற்கிறது என்று சொல்லும் கருவி. ஒருநாள் அதில் காக்கை எச்சம். கண் பொறுக்குமா? கை பொறுக்குமா? கழற்றினேன், கழுவினேன், திருப்பி மாட்டினேன். சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது.

மறுநாள் அளவை அதிகாரி மூச்சிரைக்க மேடேறி வந்தார். அதோ, இரண்டாவது நாற்காலியில் இருக்கிறாரே, அவர்தான். தலையைக் குனியாதீர்கள் ஐயா! அன்று பழுப்புச் சட்டை, மேல் பொத்தான் இல்லை.

"என்னம்மா பண்ணித் தொலைச்சே? ஒரே ராத்திரியில நிலம் தாவிடுச்சுன்னு மேலிடம் வரைக்கும் சொல்லிட்டேனே!"

"நான் கழுவலன்னா நிலம் அசையாதா?"

அவர் கோபம் அங்கே நின்றது. மேசையில் இரண்டு தடித்த பதிவேடுகளை வைத்து மெல்ல மோதவிட்டார். தாள்கள் மடிந்து எழும்பின.

"மலை இப்படித்தாம்மா எழுந்துச்சு. ஒரு காலத்துல எல்லா நிலமும் ஒரே நிலம். அடியில சூட்டுல பாறையே மெதுவா நகருது. அதோட மேல இருக்கிற நிலத் தட்டுகளும் நகருது. பிரியும், முட்டும், ஒண்ணு இன்னொண்ணுக்கு அடியில போகும்."

"கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நிலம்? தூரமாத்தானே போகுது?"

"இல்லம்மா, கிட்ட வருது. வருஷத்துக்கு ரெண்டு விரக்கடை."

"யாரைக் கேட்டு?" என்றேன்.

ஆம், கேட்டேன்! அந்தக் கரையில் என் அக்கா இருக்கிறாள். அம்மாவை எடுத்த அன்று வராதவள். நாலு வரிக் கடிதம் அனுப்பியவள். அந்த நாலு வரியும் எனக்கு மனப்பாடம். பேசமாட்டேன் என்றேன், பேசவில்லை. மேட்டைத் தேடிப் போனேன், அசையவில்லை. ஆனால் என்னைக் கேட்காமல், என் அனுமதி பெறாமல், என் அடுப்போடும் தட்டோடும் இந்தப் பாழும் நிலம் என்னை அவள் பக்கமாக இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. முப்பத்தொரு ஆண்டில் நாலடி! என் வீம்பு பெரிதா, நிலம் பெரிதா?

மழைநாளில் அந்த அறையில் என் மூச்சை நானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளும் எங்கோ அப்படித்தானே?

போன வாரம் தொலைபேசியில் அழைத்தேன். அக்கா மகள் எடுத்தாள்.

"சித்தியா? நிஜமாவா? அம்மா, சித்திம்மா!"

பின்னால் ஒரு குரல். கிழடு தட்டியிருந்தது, ஆனால் அவள் குரல்தான்.

"பேசமாட்டேன்னு சொல்லு!"

கைதட்டாதீர்கள். எனக்கு வலித்தது. அவளிடமும் ஒரு கணக்கு இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

மறுநாளும் அழைத்தேன். அதே பதில். நேற்றும் அழைத்தேன். "பேசமாட்டேன்னு சொல்லு" என்றவள், கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டாளான்னு கேளு" என்றாள்.

பெரியோர்களே! தாய்மார்களே! நிலத்துக்கு அவசரமில்லை, அதற்குக் கோடி ஆண்டு இருக்கிறது. எனக்கு எழுபது. அவளுக்கு எழுபத்து நான்கு. நிலம் நகர்த்தட்டும் என்று நீங்களும் காத்திருக்கிறீர்களா? இருக்காதீர்கள்!

பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கு நன்றி. திட்டிய வாயாலேயே சொல்லிக்கொடுத்த அதிகாரிக்கும் நன்றி. எல்லோரும் நல்லபடியாக வீடு சேருங்கள், வணக்கம். நான் சீக்கிரம் இறங்க வேண்டும். அவள் அங்கே எழுந்திருக்கும் நேரம்.