மூச்சு விடாமல் படித்த புரோகிராம்

தாம்பரத்தில் கிளம்பிய ஷேர் ஆட்டோவில் ஐந்து பேர்: டிரைவர், காலி மீன் கூடையோடு ஓர் அக்கா, மடியில் லேப்டாப்புடன் இரண்டு கல்லூரிப் பெண்கள், பிரேக் பிடிக்குமோ என்று கம்பியை விடாத நான்.

"மூச்சு விடாம யார் படிச்சு முடிக்கிறாங்களோ, அவங்க லாங்குவேஜ்தான்," என்றாள் கண்ணாடி போட்டவள்.

எட்டாவதோடு நின்ற எனக்கே கொஞ்சம் புரிந்தது. முடிச்சூரில் வெள்ளம் வந்தால், தண்ணீர் நிற்காத தெருக்களாகப் பார்த்துத் தாம்பரம் சேர வழி சொல்லும் புராஜெக்ட். அதே புரோகிராமை ஆளுக்கொரு கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தார்கள். எந்த மொழி என்று இன்றே காலேஜில் சொல்ல வேண்டுமாம்.

"அண்ணா, ஹார்ன் அடிக்காதீங்க!"

கண்ணாடிக்காரி தான் ஜாவாவில் எழுதியதைப் படிக்க ஆரம்பித்து, பாதியிலேயே முகம் சிவந்து மூச்சு விட்டாள்.

"இன்னும் தெருவுக்கே வரலடி நீ!" என்று சிரித்த தோழி, பைத்தானில் எழுதியதை ராஜகீழ்ப்பாக்கம் வருவதற்குள் படித்து முடித்தாள். டிரைவர் ஹார்னை நீளமாக அடித்தார்.

"சரிடி, அதுதான் அழகு. பைத்தான்னே சொல்லிடலாம்," என்றாள் கண்ணாடிக்காரி.

மீன்கார அக்கா விடவில்லை. "அது கெடக்கட்டும் கண்ணு. வழி கெட்ச்சிச்சா இல்லியா? எம்பொண்ணு முடிச்சூர்லதான் கீறா. ஐப்பசில பிரசவம்."

"எந்தத் தெருக்கா?"

அக்கா சொன்னார். இரண்டு தலைகளும் லேப்டாப்பில் குனிந்தன. நான் கம்பியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன்.

"கீதுக்கா!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள். "வழி கீது!"