லண்டன் போய் வந்த மோதிரம்

தலைமை ஏற்ற கையோடு கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்ட பர்னபாஸ் ஐயா அவர்களே, மூன்று ஷிப்டுக்கும் முதுகு கொடுக்கும் மூத்தோர்களே, முன்வரிசையைப் பிடித்து முறுக்கு கடிக்கும் தாய்மார்களே, வணக்கம். தங்கச் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கும் இந்தக் காத்தவராயனுக்கு, ‘நமது நாட்டின் கடல் வாணிபம்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறது ஊரிகம் வாசகசாலை.

கடலை நான் கண்டதில்லை. ஆனால் கடல் கடந்து வந்த பொருளைத் தொடாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. அடுப்பு மூட்டும் தீக்குச்சி எங்கிருந்து வருகிறது? ஸ்வீடனிலிருந்து. மண்ணெண்ணெய்? அமெரிக்காவிலிருந்து. என் வேட்டி? மான்செஸ்டரிலிருந்து. வேட்டிக்குள் இருக்கும் ஆள் மட்டும் ஆற்காட்டுச் சரக்கு.

பதிலுக்கு நாம் எதை அனுப்புகிறோம்? பஞ்சை அனுப்புகிறோம், மல்லுத் துணியாகத் திரும்புகிறது. ராணிப்பேட்டைத் தோலை அனுப்புகிறோம், பூட்ஸாகத் திரும்பி நம் முன்னாலேயே நடை போடுகிறது. பின்வரிசையில் யாரோ, “தங்கத்த இன்னாத்துக்கு உட்டுட்டீங்க?” என்கிறார். விடவில்லை ஐயா, அதற்காகத்தான் மேடையே ஏறினேன்.

நம் ஜெயகரன் துளை போடுகிறார், பாறை உடைகிறது, பாளமாகி, ரயிலேறி, கப்பலேறி, லண்டன் போகிறது தங்கம். அங்கே ராஜா முகம் பதித்துக்கொண்டு பவுனாகத் திரும்புகிறது. அப்படி வந்த ஒரு பவுனைத்தான் இசபெல்லாவின் தகப்பனார் பங்காருபேட்டைப் பத்தரிடம் கொடுத்து, மாப்பிள்ளை ஜெயகரனுக்கு மோதிரம் செய்தார். போன வாரக் கல்யாணத்தில் பாதிரியார், “எந்நாளும் கழற்றாதே” என்றார். மாப்பிள்ளையும் சொல் தட்டாமல், மோதிரத்தோடேயே கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார். குன்றிமணிப் பொன்கூடப் போட்டுக்கொண்டு உள்ளே போகக்கூடாது என்பது நமக்கெல்லாம் தெரியும். அன்றைக்கு அவருக்கு மட்டும் மறந்துவிட்டது. மேலே வந்ததும் சோதனைக்காரர் விரலைப் பிடித்தார்.

“எங்கேர்ந்துடா வந்துச்சு?”

“லண்டன்லேர்ந்துங்க.”

சிரியுங்கள், நானும் சிரித்தேன். இசபெல்லா சிரிக்கவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஆபீசில் விசாரணை. திருட்டு என்று முடிவானால் வேலை போகும், கம்பெனி கொடுத்த லைன் வீடு போகும், திருடன் பெண்டாட்டி என்ற பெயர் மட்டும் அந்தப் பெண்ணோடு நிற்கும்.

அந்தக் கல்யாணத்தில் சாப்பிடாதவர் யார்? எழுந்து நில்லுங்கள், பார்ப்போம். ஒருவருமில்லை. இரண்டு முறை சோறு வாங்கிய தலைவர் அவர்களே, தாங்கள் குனிய வேண்டாம். மோதிரம் மாட்டியதை முந்நூறு பேர் பார்த்தோமா இல்லையா? பார்த்ததைச் சொல்ல வாய் வராதென்றால், வாணிபம் பேச மட்டும் வாய் எதற்கு?

“வர்றோம்ணே, லைனே வருது” என்கிறார் ரத்தினம்மா அக்கா. அது போதும்.

இந்த மண்ணில் பிறந்து, ஏழு கடல் சுற்றி, வழி தவறாமல் ஊர் திரும்பிய பொன் இப்போது ஆபீஸ் மேஜையில் கிடக்கிறது. அங்கிருந்து ஜெயகரன் வீட்டுக்கு இரண்டு பர்லாங்கு. கப்பல் கொண்டுவந்தது போக மீதியுள்ள அந்த இரண்டு பர்லாங்கும் நாம் கொண்டுவருவோம். எட்டரை மணிக்கு இதே வாசலில் கூடுவோம். கேட்டிருந்த உங்களுக்கும், பொறுத்திருந்த தலைவரின் கடிகாரத்துக்கும் நன்றி. வணக்கம்.